ஈரச் சாந்தில் பதிந்த கை

இது நடந்தது. சின்லீ ஊரில் பெட்ரோல் போடும் இடத்தில் நின்று, எர்வின் கிளா என்கிற நான் சொல்வது உண்மையா என்று கேட்டுப் பாருங்கள். யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். பேச்சை மாற்றுவார்கள். மழை வருமா என்பார்கள். உங்கள் வண்டி எந்த வருடத்து வண்டி என்பார்கள். எங்கள் நவஹோ பழங்குடி ஆட்கள் இப்படிப் பேச்சை மாற்றினால், அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்லமாட்டேன். அது என் தங்கை வெர்னாவின் மகள் பெயர். இறந்தவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு ஐந்து வயது. ஆகஸ்ட் மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா டெல்பர்ட் பள்ளத்தாக்குக்குள் போனான். எங்கள் பீச் பழ மரங்களுக்கு வேலி கட்டும் வேலை. திரும்பும்போது பிள்ளை வண்டியிலேயே தூங்கிவிட்டாள். டெல்பர்ட் வண்டியை வறண்டு கிடந்த மணலாற்றின் நடுவில் நிறுத்தினான். கதவைச் சாத்தினான். மேட்டில் இருந்த ஒருவனிடம் நடந்து போனான். எங்கள் மண்ணில் சாராயம் விற்கக் கூடாது. அந்த ஆள் விற்பான்.

தலைக்குமேல் ஒரு மேகம்கூட இல்லை. மழை எங்கோ மலையில் பெய்திருந்தது. தண்ணீர் சுவர்போல வந்தது.

வண்டி மறுநாள் கிடைத்தது. உள்ளே இருக்கை மூழ்க மணல். பிள்ளை கிடைக்கவில்லை. வெள்ளம் வடிந்து, மணல் காய்ந்து, காற்றில் பறக்கத் தொடங்கிய பிறகும் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

வெர்னா அழவில்லை. டெல்பர்ட்டின் சேணம், பூட்ஸ், சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள். எங்களில் வீடு பெண்ணுடையது. அவள் புருஷன் சாமானை வெளியே வைத்தால் அந்தக் கல்யாணம் முடிந்தது. டெல்பர்ட் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. அதற்காக அவனை யாரும் மன்னிக்கவும் இல்லை. நானும்தான்.

ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் வேலை. அடுத்த வருடம் அக்டோபரில் அவனையும் என்னையும் ஒரே குழுவில் போட்டார்கள். பள்ளத்தாக்கின் பக்கக் கிளை ஒன்றில், பாறை இடுக்கில் பழையவர்கள் கட்டிவிட்டுப் போன வீடுகள் இருக்கின்றன. எண்ணூறு வருடச் சுவர்கள். விழும் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்து, அதே மண்ணைக் குழைத்து ஓட்டையை அடைக்க வேண்டும். மூன்று பேர். நான், டெல்பர்ட், மெல்வின்.

மெல்வின் பக்கத்து ஹோப்பி இனத்து ஆள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் அவர்களுடைய முன்னோர்கள். எங்களுக்கு அது செத்தவர்கள் இடம். தேவையில்லாமல் கால் வைக்கமாட்டோம். அவனுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது மாதிரி. ஏணி ஏறியதும் ஒரு சிட்டிகை சோளமாவை எடுத்து வாசலில் வைப்பான். ஏதோ முணுமுணுப்பான். பிறகு தொப்பையைத் தடவிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பான்.

"வாங்கடா உள்ள. நவஹோக்காரன் வாசல்லயே நின்னு நடுங்குறதப் பாரு. எங்க சித்தப்பன் ஒண்ணும் கடிக்கமாட்டான்."

"உங்க சித்தப்பன் கட்டின சுவருதான் தலையில விழும்னு பயமா இருக்கு," என்றான் டெல்பர்ட்.

"எண்ணூறு வருஷமா நிக்குதுடா. போன வருஷம் நீ கட்டின ஆட்டுக்கொட்டாய் நிக்குதா?"

"எங்க மச்சான் சாய்ஞ்சு நின்னான், விழுந்துருச்சு."

டெல்பர்ட் என்னைத்தான் சொன்னான். என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் நானும் அவனும் இப்படித்தான் பேசிக்கொண்டே ஊரைச் சுற்றுவோம். மச்சான்கள் கேலி பேசாவிட்டால் எப்படி? இப்போது அவன் கேலி செய்தால் எனக்கு மணல்தான் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை கடைசி அறையில் வேலை தொடங்கினோம். ஆள் குனிந்து நுழையும் சின்ன வாசல். உள்ளே நான்கு பேர் உட்காரலாம். பின்பக்கச் சுவர் பாறையை ஒட்டிக் கட்டியது. அந்தச் சுவரில் தலையளவு ஓட்டை. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் நாலு விரல் இடைவெளி. அப்புறம் பாறை. அவ்வளவுதான். ஒரு பூனைகூட நுழைய முடியாது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூனைகூட நுழைய முடியாது.

பழைய சாந்தில் விரல் தடங்கள் இருந்தன. அந்த வீடுகளில் எங்கும் இருக்கும். கட்டியவர்கள் கரண்டியால் பூசவில்லை, கையால் பூசினார்கள். நகம் பட்ட கோடு, விரல் ரேகை எல்லாம் நேற்றுப் பட்டதுபோல இருக்கும். சிலது ரொம்பச் சின்ன விரல்கள். அம்மாக்கள் பூசும்போது பிள்ளைகளும் சேர்ந்து அப்பியிருப்பார்கள்.

மதியத்துக்கு முன்னால் ஓட்டையில் பாதி அடைத்தோம். கீழே இறங்கிச் சாப்பிட்டோம். பொரித்த ரொட்டி, டப்பா இறைச்சி, காபி. மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தோம். ஏணி எங்கள் கண்ணெதிரே இருந்தது.

மேலே போனோம். ஓட்டை இன்னும் கொஞ்சம் அடைபட்டிருந்தது.

இரண்டு கல் கூடுதல். இடையில் சில்லுக்கற்களை வரிசையாகச் செருகியிருந்தது. அழகான வேலை. எங்களில் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

"யாருடா இது?" என்றான் மெல்வின்.

"நான் இல்ல," என்றேன்.

"நானும் இல்ல. நீ கட்டிட்டு மறந்திருப்ப. வயசாகுது உனக்கு," என்று மெல்வினிடம் சொன்னான் டெல்பர்ட்.

சிரித்தோம். எண்ணிப் பார்க்காமல் விட்டோம். வாளியில் சாந்து குறைந்திருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பார்த்தேன். டெல்பர்ட்டும் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, டெல்பர்ட்தான் முதலில் உள்ளே போனான். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. குனிந்து எட்டிப் பார்த்தேன். பின்சுவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஈரச் சாந்தில் ஒரு கை.

சின்னக் கை. நன்றாக அழுத்திப் பதிந்திருந்தது. நான்கு விரல்கள் முழுசாக. சுண்டு விரல் மட்டும் பாதி.

என் தங்கை மகளுக்கு மூன்று வயதில் வண்டிக் கதவில் கை நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சுண்டு விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். என் தோளில் உட்கார்ந்து போகும்போது அந்தக் குட்டை விரலால் என் காதைச் சொறிவாள். "மாமா, புழு கடிக்குது பாரு" என்பாள்.

டெல்பர்ட் தன் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தான். கட்டைவிரல்மேல் கட்டைவிரல். விரல்மேல் விரல். அவன் கைக்குள் அது முழுசாக மறைந்துபோனது.

"அவ கைடா மச்சான்," என்றான்.

"வாயை மூடு."

"சூடா இருக்குடா."

"எழுந்து வெளிய வா. அவளைப் பத்திப் பேசாத. இங்க பேசாத."

அவன் எழுந்து வந்தான். கண் பளபளவென்று இருந்தது. ஒரு வருடமாக அவன் முகத்தில் இல்லாத ஒன்று வந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உனக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றியது.

நான் கரண்டியால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

புதன்கிழமை அவன் ஒரு ஸ்ட்ராபெரி சோடா கொண்டுவந்தான். அவளுக்குப் பிடித்த சிவப்பு சோடா. பின்சுவருக்கு முன்னால் மூடியைத் திறந்து வைத்திருந்தான். எங்களில் யாராவது இப்படிச் செய்வார்களா? செத்தவர்களை எப்படி அனுப்புவது என்றுதான் நாங்கள் யோசிப்போம். இவன் கூப்பிட்டு உட்காரவைத்து விருந்து வைக்கிறான்.

மெல்வினும் பார்த்தான். அன்று அவன் கேலி செய்யவில்லை. சோளமாவை மட்டும் இரண்டு தடவை வைத்தான்.

"டெல்பர்ட், அதை எடுத்துடு," என்றான்.

"உனக்கென்ன?"

"இது யாரு வீடுன்னு உனக்குத் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். எடுத்துடு."

டெல்பர்ட் எடுக்கவில்லை. மதியம் பார்த்தபோது பாட்டிலில் பாதிதான் இருந்தது. எறும்பு இல்லை. கீழே சிந்தவும் இல்லை.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம்.

நான் முன்னறையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மெல்வின் ஏணியடியில் தண்ணீர் வாளியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான்.

தப்… தப்… தப்…

ஈர மண்ணை உள்ளங்கையால் தட்டும் சத்தம். டெல்பர்ட் பூசுகிறான் என்றுதான் நினைத்தேன். திரும்பினேன். டெல்பர்ட் என் பின்னால் நின்றிருந்தான். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.

தப்… தப்…

கடைசி அறையில் யாரும் இல்லை.

உள்ளே குனிந்து பார்த்தேன். சத்தம் பின்சுவரிலிருந்து வந்தது. அதற்கும் பின்னாலிருந்து. அந்த நாலு விரல் இடைவெளியிலிருந்து.

"கேக்குதா?" என்றான் டெல்பர்ட். ரகசியம் பேசுவதுபோல. "என்னைக் கூப்பிடுது."

"நான் எதுவும் கேக்கல."

பொய். நன்றாகக் கேட்டது.

வியாழக்கிழமை. வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. அண்டங்காக்கைகள் அந்தப் பாறையில் எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும். அன்று ஒன்றுகூட இல்லை. நான் ஏணி ஏறிப் போனபோது டெல்பர்ட் எனக்கு முன்பே வந்து, மூன்று நாள் வேலையையும் பிடுங்கிப் போட்டிருந்தான். பின்சுவரில் ஓட்டை பழையபடி திறந்து கிடந்தது. முன்பைவிடப் பெரிதாக.

"என்னடா பண்ணிவெச்சிருக்க?"

"உள்ள மூச்சு முட்டும்டா அவளுக்கு."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"அன்னைக்கு மூச்சு முட்டலையாடா? கண்ணாடிய ஏத்திட்டு, கதவ சாத்திட்டுப் போனியே, அப்ப முட்டலையா? இன்னைக்கு வந்துட்டான் அக்கறையா, சோடாவைத் தூக்கிக்கிட்டு!"

அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. தலையை ஆட்டினான். ஆமாம், ஆமாம் என்பதுபோல.

மெல்வின் வந்து பிரித்துவிட்டான். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. இந்த அறை வேண்டாம். நான் ரேடியோவில சொல்லிடறேன், வேற இடம் குடுக்கட்டும். டெல்பர்ட், நீ சாமானை எடுத்துக்கிட்டு இறங்கு."

ரேடியோ வண்டியில் இருந்தது. நானும் மெல்வினும் இறங்கிப் போனோம். அப்போது மணி மூன்று ஐம்பது. வண்டியின் கடிகாரத்தில் பார்த்தேன். மெல்வின் பேசி முடித்தான். ஒரு சிகரெட் பிடித்தோம். மணி நாலு பத்து. டெல்பர்ட் இறங்கவில்லை.

"மச்சான்!" என்று கத்தினேன்.

பாறை என் குரலைத் திருப்பி அனுப்பியது. வேறு பதில் இல்லை.

ஏறினோம்.

முன்னறையில் வாளி இருந்தது. காலி. கரண்டிகள் மூட்டை கட்டி வைத்தபடியே இருந்தன.

கடைசி அறையின் வாசலைக் காணோம்.

வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

கல்மேல் கல். இடையில் சில்லுக்கற்கள் வரிசையாக. மேலே ஈரச் சாந்து, வழவழவென்று பூசியிருந்தது. மூன்று பேர் அரைநாள் செய்யவேண்டிய வேலை.

இருபது நிமிடம்.

மெல்வின் என் கையைப் பிடித்தான்.

சாந்து முழுக்கக் கைத் தடங்கள். பெரியவர்களின் கைகள். நிறையப் பேருடையவை. ஒன்றுமேல் ஒன்றாக… அவசரமாக அப்பிய மாதிரி.

எல்லாம் வெளிப்பக்கம்.

உள்ளே…

தப்… தப்…

டெல்பர்ட்டின் குரல் கேட்டது. அழவில்லை. கத்தவில்லை. தாலாட்டுவதுபோல ஏதோ பாடிக்கொண்டிருந்தான்.

நான் கல்லைப் பிடுங்கினேன். மெல்வின் "வேண்டாம்" என்றான். ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு அவனும் சேர்ந்து பிடுங்கினான்.

நகம் பெயர்ந்தது. ஒரு கல். இன்னொரு கல்.

ஓட்டை விழுந்தது.

உள்ளே இருட்டு. டார்ச் அடித்தேன்.

டெல்பர்ட் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் வளைத்து, மடியில் எதையோ அணைத்திருந்தான்.

மடியில் ஒன்றும் இல்லை.

ஆனால் அவன் சட்டை… நெஞ்சுப் பக்கம்… யாரோ பிடித்து இழுப்பதுபோலக் கசங்கியிருந்தது.

"மூடுடா!" என்று கத்தினான். "ஏன்டா திறந்த? மூடு!"

அப்போது ஒரு குரல். சின்னக் குரல். ஒரே ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ. எனக்குப் புரியாத பேச்சு.

மெல்வின் அப்படியே நின்றுவிட்டான்.

என் முழங்காலை ஏதோ உரசிக்கொண்டு போனது.

ஈரமாக.

வெளியே.

டெல்பர்ட்டை இழுத்து வெளியே போட்டோம். அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் காய்ந்திருந்தன. மண் ஒரு துளி இல்லை. நகத்தில்கூட இல்லை. ஏணியில் அவனை இறக்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். வண்டியில் ஏறியதும் அடங்கிவிட்டான். பின்சீட்டில் கதவோரமாக ஒதுங்கி உட்கார்ந்தான். பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டதுபோல.

அலுவலகத்தில் டெல்பர்ட் தானே உள்ளேயிருந்து சுவரைக் கட்டிக்கொண்டான் என்று எழுதிக்கொண்டார்கள். வெளிப்பக்கத் தடங்களைச் சொன்னேன். ஆள் அனுப்பினார்கள். அதற்குள் மழை பெய்து சாந்து கரைந்துவிட்டது. கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறைக்கடியில் மழை எப்படிப் பட்டது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. டெல்பர்ட்டுக்கு வேலை போயிற்று.

மெல்வின் தானாகவே நின்றுவிட்டான். நவம்பரில் அவனைத் தேடி மேட்டின்மேல் இருக்கும் அவன் ஊருக்குப் போனேன். அவன் மனைவி காகிதம்போல மெல்லிய நீலச்சோள ரொட்டியும் சூப்பும் கொடுத்தாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான்.

"அது என்ன சொல்லுச்சு மெல்வின்?"

ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டான்.

"எங்க பேச்சு. ஆனா ரொம்பப் பழைய பேச்சு. இப்ப யாரும் அப்படிப் பேசறதில்ல."

"என்ன சொல்லுச்சு?"

"'அப்பா, தூக்கு'ன்னு."

எங்கள் பிள்ளைக்கு நவஹோ தெரியும். பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். வேறொன்றும் தெரியாது.

"அப்ப அந்தச் சுவரை அடைச்சது? டெல்பர்ட்டைக் கொல்றதுக்கா?"

"டெல்பர்ட்டை யாரு கண்டா?" என்றான் மெல்வின். "உள்ள இருந்தத வெளிய விடக்கூடாதுன்னு எங்க பழையவங்க அடைச்சிருக்காங்க. அவங்க அவசரத்துக்கு இவன் உள்ள மாட்டிக்கிட்டான். நாமதான் திறந்து விட்டோம்."

"அது என்னது?"

"பிள்ளைதான். எந்தப் பிள்ளையைப் பெத்தவங்களே கல்லு வெச்சு மூடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். சூப்பைக் குடி, ஆறுது."

தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

எங்கள் வீட்டில் டெல்பர்ட்டுக்காகச் சடங்கு வைக்கலாம் என்று பேசினோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டதைக் கழிக்கும் சடங்கு. வெர்னாவும் வந்து உட்கார்ந்தால் நல்லது என்றார்கள். அவளிடம் போனேன். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். குழாயை நிறுத்தாமல் கேட்டாள்.

"அண்ணே, எந்தக் கை?"

"எது எந்தக் கை?"

"சாந்துல இருந்த கை. வலதா, இடதா?"

யோசித்தேன். டெல்பர்ட் தன் வலது கையை அதன்மேல் வைத்தது கண்ணுக்குள் வந்தது. கட்டைவிரல்மேல் கட்டைவிரல்.

"வலது."

வெர்னா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் இனிமேல் கேட்கவேண்டாம்.

"அவளுக்கு விரல் போனது இடது கையிலண்ணே. ராத்திரி பூரா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தவ நான். உன் மச்சானுக்குப் பெத்த பிள்ளையோட கைகூடத் தெரியல. யாரோ ஒருத்தர் பிள்ளைக்குச் சோடா வாங்கிக் குடுத்திருக்கான்."

"அவனுக்காக இல்லைன்னாலும்…"

"பஸ்ஸு காயணும். நீ கிளம்பு."

தண்ணீரை என் காலடியில் பீய்ச்சினாள்.

டெல்பர்ட் அப்போது கேலப் ஊரில் தகரப் பெட்டிபோன்ற ஒரு டிரெய்லர் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். டிசம்பர் மாதம், சனிக்கிழமை, பட்டப்பகல். தரையில் பழைய பனி. அவனிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று போனேன். அது உன் பிள்ளை இல்லை, சடங்குக்கு வா, விட்டுத் தொலை. சொல்லும்போது அவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்கவும் ஆசை இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பக்கத்து டிரெய்லரில் ஒரு பெண் படியில் இருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"டெல்பர்ட்டோட சொந்தமா?"

"மச்சான்."

"நல்ல மனுஷன். ஒரு சத்தம் கிடையாது. பிள்ளையைத்தான் வெளியவே விடமாட்டேங்கறார். பாவம், நாளெல்லாம் சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்கு."

கதவைத் தட்டினேன்.

டெல்பர்ட் திறந்தான். இளைத்திருந்தான். முகம் சுத்தமாக, சவரம் செய்து, தலை வாரியிருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே ஈர மண் வாசனை.

"வெர்னாகிட்டப் போயிருந்தேன்," என்றேன். "அது வலது கைடா மச்சான். நம்ம பிள்ளைக்கு விரல் போனது இடது கையில."

அவன் முகம் மாறவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"வண்டிக் கதவை அவ கைமேல சாத்தினது யாருன்னு நினைக்கிற? நான்தான். எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா?" மெதுவாகப் பேசினான். "முத நாளே தெரியும். கையை மேல வெச்ச உடனே தெரியும்."

"அப்புறம் ஏன்டா…?"

"அவ வந்தா என்கிட்ட வருவாளா மச்சான்? அவ அம்மாகிட்டப் போவா. உன்கிட்ட வருவா. என்கிட்ட வரமாட்டா." உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "இதுக்கு நான் என்ன பண்ணேன்னு தெரியாது. என்னைப் பார்த்து அப்பாங்குது. என்ன பாஷையா இருந்தா என்ன?"

போகும்போது திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"குளிருது. நீ போ," என்றான்.

கதவைச் சாத்தினான்.

நான் படியிறங்கி வண்டிப் பக்கம் நடந்தேன். ஏதோ தோன்றித் திரும்பினேன். டெல்பர்ட் ஜன்னலுக்கு வந்திருந்தான். இரண்டு கையாலும் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு அங்கிருந்து எட்டாது. ஐந்தாறு அடி தூரம்.

அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்…

கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.